டாஷ்போர்டில் சிவப்பு, மஞ்சள் விளக்கு: உங்களுக்கு என்ன நடந்தது?

தேவகோட்டை ரஸ்தா:
தைப்பூச சமயம். குன்றக்குடி ரோடு முழுக்கப் பழனிக்கு நடப்பவர்கள். வளைவில் திரும்பும்போதெல்லாம் வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி சிவப்பாக எரியும், நேரே வந்தால் அணைந்துவிடும். ஹேண்ட்பிரேக் போட்டிருந்தாலும் அந்த விளக்கு எரியும், ஆனால் அது நன்றாக இறங்கித்தான் இருந்தது. பின்சீட்டிலிருந்து அப்பத்தா, "ஏப்பா, அது யாரைப் பார்த்துக் கண்ணடிக்குது?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரைக்குடி மெக்கானிக் பானெட்டைத் திறந்து காட்டினார்: பிரேக் ஆயில் மினிமம் கோட்டுக்கும் கீழே. வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, டப்பாவுக்குள் அளவு காட்டும் மிதவை இறங்கி, விளக்கு எரிந்திருக்கிறது. ஊற்றினார், அணைந்தது. அந்தக் கூட்டத்துக்குள் பெடல் தரை தட்டியிருந்தால் என்ற நினைப்பு மட்டும் இன்னும் போகவில்லை.

கானாடுகாத்தான் மருமகன்:
எனக்கு ஐப்பசி மழையில், பள்ளத்தூர் பக்கம். எதிரே டவுன் பஸ். ஒதுங்கிச் செம்மண் சேற்றில் இறங்கி ஏறியதும் வண்டியின் வால் ஒரு பக்கம் இழுத்தது. சறுக்குகிற கார் படம் போட்ட மஞ்சள் விளக்கு படபடவென்று மின்னியது, வண்டி தானாக நேரானது. பக்கத்தில் மச்சான், "ஃபால்ட் காட்டுது, நிறுத்துங்க!" என்று கத்துகிறார். மின்னினால், வண்டி சறுக்காமல் நேராக்கும் இ.எஸ்.சி. வேலை செய்கிறது என்று அர்த்தம். அணையாமல் நின்று எரிந்தால்தான் கோளாறு, அல்லது யாரோ ஆஃப் பட்டனை அழுத்தியிருப்பார்கள். மச்சான் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை.

வளவு வீடு:
நாங்கள் சென்னையில், கார் ஊர் வீட்டு ஷெட்டில். பொங்கலுக்கு வந்து ஸ்டார்ட் செய்தால், பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ்.ஸின் மஞ்சள் விளக்கு அணையவே இல்லை. சாவி போட்டதும் எல்லா விளக்கும் எரிந்து சில நொடியில் போகவேண்டும் அல்லவா, இது மட்டும் நின்றது. பேட்டரி வீக்காக இருந்தாலும் இப்படி வரும் என்று அதை மாற்றினோம். பலனில்லை. தூக்கிப் பார்த்தால் பின்சக்கர சென்சார் ஒயரை எலி கடித்து வைத்திருக்கிறது. வாட்ச்மேன் அலட்டிக்கொள்ளவே இல்லை: "ஆளில்லாத வீட்டுக்கு அதுங்கதானய்யா ஓனர்."

பழைய ஃபோர்மேன்:
ரஸ்தாக்காரரே, ஆயில் ஊற்றிவிட்டால் முடிந்ததா? பிரேக் ஆயில் எரிந்து குறைகிற சரக்கு இல்லை. சக்கரத்தை உரசி நிறுத்தும் பிரேக் பேட் தேயத் தேய, அதைத் தள்ளும் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் இறங்கும். அதுவும் இல்லையென்றால் எங்கோ கசிகிறது. சக்கரத்தின் உள்பக்கம் ஈரம் இருக்கிறதா பாருங்கள். பேட் தேய்ந்ததற்கு ஊற்றி நிரப்பினால், புது பேட் போட்டுப் பிஸ்டனைத் தள்ளும்போது வழிந்து பெயின்டைத் தின்றுவிடும். அந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை முழுசாக மாற்றுங்கள், எப்போதோ திறந்த பாட்டிலை ஊற்றாதீர்கள். 2019 ஏப்ரலிலிருந்து புதுக் கார்களுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம் என்பதால் அந்த மஞ்சள் விளக்கைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் அதிகம். மஞ்சள் மட்டும் என்றால் சாதாரண பிரேக் பிடிக்கும், நிதானமாகப் போய்ச் சேரலாம். சிவப்பும் ஏ.பி.எஸ்.ஸும் சேர்ந்து எரிந்தால் ஓட்டவே கூடாது: முன்பின் பிரேக்கைப் பங்கிடும் ஈ.பி.டி.யும் போயிருக்கும், அழுத்தி மிதித்தால் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுற்றும்.

என் அனுபவமா? திருமயத்திலிருந்து ஒருவர் விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டு வந்தார்.

தேவகோட்டை ரஸ்தா:
அண்ணே, பேட், ஆயில் ரெண்டும் அன்றைக்கே மாற்றியாச்சு, எழுதத்தான் இல்லை. அந்த டேப் கதையை ஒரு வரியில் முடித்தால் எப்படி?