புளூரைடும் டிஜிஎஃப்-பீட்டாவும்: எலும்பைக் கட்டுமா, கரைக்குமா?

காரிமங்கலம்:
தர்மபுரி பக்கத்து போர் தண்ணீரின் புளூரைடை வைத்து எம்.எஸ்சி. மாணவர்களுக்கு ஒரு ப்ராஜெக்ட். ஓரிடத்தில் இடிக்கிறது. எலி மஜ்ஜைச் செல்லில் எம்-சிஎஸ்எஃப், ராங்க்-எல் என்ற இரண்டு புரதங்களோடு டிஜிஎஃப்-பீட்டா என்ற வளர்ச்சிக் காரணியும் சேர்த்தால் ஆஸ்டியோகிளாஸ்ட் (எலும்பைக் கரைக்கும் செல்) கூடுகிறது. ஆஸ்டியோபிளாஸ்ட்டும் (எலும்பைக் கட்டும் செல்) சேர்ந்து வளரும் தட்டில் டிஜிஎஃப்-பீட்டாவை விட்டால் ஆஸ்டியோகிளாஸ்ட் குறைகிறது. எதை நம்புவது? புளூரைடுக்கு இதில் என்ன வேலை?

பென்னாகரம் ரோடு:
ரெண்டுமே சரிதான் சார். தட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஆஸ்டியோகிளாஸ்ட் முன்னோடிச் செல் பிழைத்துப் பெருக எம்-சிஎஸ்எஃப் வேண்டும், உருமாற ராங்க்-எல் வேண்டும். உடம்பில் ராங்க்-எல் தருவது ஆஸ்டியோசைட்டும் (எலும்புக்குள் பதிந்திருக்கும் செல்) ஆஸ்டியோபிளாஸ்ட் குடும்பமும். அந்தக் குடும்பமே ஓபிஜி என்ற புரதத்தையும் சுரந்து, ராங்க்-எல்லைப் பிடித்து முடக்கிவிடும். முதல் தட்டில் ராங்க்-எல்லை நீங்களே ஊற்றிவிட்டீர்கள். டிஜிஎஃப் நேராக முன்னோடியைத் தூண்டுகிறது. இரண்டாவதில் அது ஆஸ்டியோபிளாஸ்ட்டிடம் ஓபிஜியைக் கூட்டி ராங்க்-எல்லைக் குறைக்கச் சொல்கிறது.

எலும்புக்குள் டிஜிஎஃப் உறங்கு நிலையில் புதைந்திருக்கும். ஆஸ்டியோகிளாஸ்ட் அமிலம் விட்டுக் குழி தோண்டும்போது விழித்து, ஸ்டெம் செல்களைக் குழிக்கு வரவழைக்கும். ஆள் சேர்க்கிற மேஸ்திரி மாதிரி. ஆனால் வேலை முடிகிறவரை அங்கேயே நின்றால் ஆஸ்டியோபிளாஸ்ட் முதிராது, சுண்ணாம்பு படியாது.

பிஎம்பி-2 என்ற வளர்ச்சிக் காரணி எலும்பைக் கட்டுகிற ஆள்தான் என்று மாணவர்கள் எழுதினால் மதிப்பெண் போட்டுவிடாதீர்கள். முதுகெலும்பு இணைப்பு அறுவையில் அதை மி.லி.க்கு 1.5 மி.கி. செறிவில் வைக்கிறார்கள். அந்த அளவில் சுற்றியுள்ள எலும்பு முதலில் கரைவதும் உண்டு. கழுத்தில் வைத்தபோது மூச்சை அடைக்கும் வீக்கம் வந்ததால் 2008-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரித்தது.

ராயக்கோட்டை:
செய்முறைக்கு: எம்-சிஎஸ்எஃப் மி.லி.க்கு 30 நானோகிராம், முதலில் இரண்டு நாள் அது மட்டும். பிறகு ராங்க்-எல் 50. டிஜிஎஃப் 1 போதும். பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும், அதனால் ஆல்புமின் கலந்த கரைசலில் கரையுங்கள். ராங்க்-எல் விட்ட 4, 5-ம் நாளில் டிராப் சாயம் (ஆஸ்டியோகிளாஸ்ட்டை அடையாளம் காட்டும் சாயம்) போட்டு, மூன்று அல்லது அதற்கு மேல் உட்கரு உள்ளதை மட்டும் எண்ணுங்கள். ஒரு நாள் தள்ளிப்போட்டால் பெரிய செல்கள் செத்து, தட்டில் வெறும் வட்டம்தான் இருக்கும். அதைப் பார்த்து "மருந்து தடுத்துவிட்டது" என்று எழுதுகிறவர்கள் நிறைய.

செல் வளர்க்க ஊற்றும் சீரத்திலேயே (ரத்த நீர்) டிஜிஎஃப் இருக்கிறது. ஒரே லாட் (ஒரே தயாரிப்புத் தொகுதி) சீரம் கடைசிவரை வேண்டும்.

புளூரைடில் எடைக் குழப்பம் வரும். 1 மி.கி. புளூரைடுக்கு 2.21 மி.கி. சோடியம் புளூரைடு. லிட்டருக்கு 1 மி.கி. புளூரைடு என்றால் 53 மைக்ரோமோல். தண்ணீரில் உள்ள அளவை அப்படியே தட்டில் விடாதீர்கள். ரத்தத்தில் அதைவிட வெகு குறைவு. மில்லிமோல் போனால் செல் சாகும், வேறொன்றும் தெரியாது.

அரூர் எலும்பு:
புளூரைடு ஆஸ்டியோபிளாஸ்ட்டில் டைரோசின் பாஸ்பேட்டேஸ் நொதியைத் தடுப்பதால், வளர்ச்சிக் காரணி தட்டிய மணி நிற்காமல் ஒலிக்கிறது என்பது நெடுநாள் விளக்கம். அதனால் புளூரைடு தனியாக என்ன செய்கிறது என்று பார்க்க, காரணியே இல்லாத தட்டு ஒன்றும் வையுங்கள்.

அடர்த்தி கூடினால் பலம் கூடியதாகாது. 1990-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், மாதவிடாய் நின்ற 202 பெண்களில் ஒரு பிரிவுக்கு நான்கு ஆண்டு தினம் 75 மி.கி. சோடியம் புளூரைடு கொடுத்தார்கள். இடுப்பு முதுகெலும்பில் அடர்த்தி 35 சதவீதம் ஏறியது, முன்கையில் 4 சதவீதம் இறங்கியது. முதுகெலும்பு முறிவு சொல்லும்படி குறையவில்லை. மற்ற முறிவுகள் கூடின. கால்சியம் போதாத உடம்பில் பாராதைராய்டு ஹார்மோன் ஏறி, ராங்க்-எல்லைத் தூண்டி, எலும்பின் வெளி அடுக்கை அரிக்கும். உள்ளே புதிதாகப் போட்ட எலும்பும் சரியாக இறுகாது.

நம் மாவட்டத்தில் முதுகு டெக்சா (எலும்பு அடர்த்தி ஸ்கேன்) மட்டும் பார்த்து "எலும்பு நல்லாயிருக்கு" என்று அனுப்புவது இதனால்தான் தப்பு. முன்கை எக்ஸ்ரேயில் இரண்டு எலும்புக்கும் நடுவிலுள்ள சவ்வு சுண்ணாம்பேறி முள்முள்ளாகத் தெரிகிறதா பாருங்கள். வைட்டமின் டி, கால்சியம், பாராதைராய்டு, அல்கலைன் பாஸ்பேட்டேஸ், கிரியாட்டினின் பார்க்காமல் ராங்க்-எல்லைத் தடுக்கும் டெனோசுமாப் ஊசி போட்டால் ரத்தக் கால்சியம் சரிந்து கை கால் இழுத்துக்கொள்ளலாம்.

காரிமங்கலம்:
நன்றி. சீரமும் டிஜிஎஃப்பும் இல்லாத தட்டை இதுவரை வைக்கவே இல்லை. புளூரைடு 10, 50 மைக்ரோமோல் இரண்டையும் அதில் ஓட்டச் சொல்கிறேன்.

ராயக்கோட்டை:
சீரம் இல்லாமல் 48 மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள் சார், செல் கழன்றுவிடும்.