ஒரே ஒரு நெறிக்கட்டி, அதற்கு நாலாம் ஸ்டேஜா?

மாட்டுங்கா மருமகன்:
மாமாவுக்கு இடது கன்னத்தின் உள்பக்கம் புற்று. பரேலில் ஆபரேஷன் முடிந்து 3 வாரம். கழுத்திலிருந்து எடுத்த 32 நெறிக்கட்டிகளில் ஒன்றில்தான் புற்று, அதுவும் 1.4 செ.மீ. ரிப்போர்ட்டில் 'பிஎன்2ஏ, ஸ்டேஜ் 4ஏ'. ரேடியேஷனோடு கீமோவும் வேண்டுமாம். ஒன்றுக்கு இவ்வளவா?

லேப் மேசை:
ரிப்போர்ட்டில் 'இஎன்இ' (புற்று கட்டியின் உறையைத் தாண்டியதா என்பது) என்று ஒரு வரி இருக்கும், பாருங்க சார். உறை உடையாமல் அந்த அளவில் ஒற்றைக் கட்டி என்றால் என்1தான் ('என்' என்பது நெறிக்கட்டியின் நிலை). என்2ஏ போட்டிருப்பதால், புற்று கட்டியின் உறையைத் துளைத்து வெளிக்கொழுப்பில் இறங்கியிருக்கிறது. 2018-ல் நடைமுறைக்கு வந்த, ஸ்டேஜ் பிரிக்கும் ஏஜேசிசி கையேட்டின் 8ஆம் பதிப்பிலிருந்துதான் இதைக் கணக்கில் எடுக்கிறார்கள். அதற்கு முன் இதே கட்டி ஸ்டேஜ் 3. உறை உடைந்தால் கழுத்திலேயே திரும்ப வரவும், நுரையீரலுக்குப் போகவும் வாய்ப்பு கூடுகிறது; அதனால்தான் கீமோவும். எண்ணிக்கையைவிட எனக்கு இதுதான் பெரிது. 4ஏ என்றதும் கலங்க வேண்டாம். தொலைவில் பரவியது 4சி. 4ஏ-வுக்குக் குணப்படுத்தத்தான் சிகிச்சை. 32 கட்டி கிடைத்ததும் நல்லது. 18-க்குக் கீழே என்றால் 'ஒன்றுதான்' என்பதையே நம்ப முடியாது.

கதிர்:
ஆபரேஷன் நாளிலிருந்து 6 வாரத்துக்குள் ரேடியேஷன் தொடங்கணும். உங்களுக்கு மிச்சம் 3 வாரம், அதனால் பல் டாக்டரை நாளைக்கே பாருங்க. சொத்தைப் பல்லைப் பிடுங்கினால் குழி ஆற 10–14 நாள் வேண்டும். ரேடியேஷனுக்குப் பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் செத்துப்போகும் ஆபத்து உண்டு. ரேடியேஷன் அளவு 60–66 கிரே, வாரம் 5 நாள், ஆறு ஆறரை வாரம். கீமோ மருந்தான சிஸ்பிளாட்டினுக்கு முன் கிரியாட்டினினும் (சிறுநீரக டெஸ்ட்) காது டெஸ்ட்டும் கட்டாயம்; அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு டோசிடாக்சல் என்ற வேறு கீமோ மருந்து இருக்கிறது.

எடையை வாராவாரம் எழுதி வைங்க. ரேடியேஷனின் மூன்றாவது வாரம் வாய் புண்ணாகி சாப்பாடு குறையும், முகம் வற்றும். தலை அசையாமல் பிடிக்க முதல் நாள் அச்செடுத்த மாஸ்க் தாடையோரம் லூசாகும். அப்புறம் ஸ்கேன், பிளான் எல்லாம் திரும்ப. நடுவில் விழும் இடைவெளி புற்றுக்குத்தான் சாதகம். தொண்டை அடைக்குமுன்பே சாப்பாட்டுக்கு மூக்குக்குழாய் போட்டுக்கொள்வது தோல்வி இல்லை.

மாட்டுங்கா மருமகன்:
நன்றி. ஆபரேஷனுக்கு முன் கழுத்தில் எதுவும் தட்டுப்படவில்லை. கழுத்தைத் தொடாமல் விட்டிருக்கலாமோ?

லேப் மேசை:
விட்டிருந்தால் இந்த உறை உடைந்ததே தெரிந்திருக்காது. டாடா மெமோரியல் 2015-ல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றித்தான்: ஆரம்பநிலை, கழுத்தில் கட்டி தெரியாதவர்கள். முதலிலேயே கழுத்தையும் எடுத்தவர்களில் 3 வருடத்தில் உயிரோடு இருந்தவர்கள் 80%. கட்டி வந்தபின் எடுத்தவர்களில் 67.5%.

கதிர்:
இடது கையைத் தலைக்கு மேல் தூக்க முடிகிறதா, பாருங்க. தோள் தொங்கினால் கழுத்தில் ஓடும் நரம்பு இழுபட்டிருக்கும். பிசியோவை ரேடியேஷன் தொடங்குமுன்பே ஆரம்பிச்சிடுங்க.