படகை வளைக்கும் அளவுக்குக் கணவாய் உண்டா?

தெலுக் கும்பார் வாசி:
வணக்கம். என் மாமா இங்கே பினாங்கில் படகோரம் விளக்கைத் தொங்கவிட்டு இரவில் கணவாய் பிடிப்பவர். ஒரு முழத்தைத் தாண்டிய கணவாயை அவர் கண்டதில்லை. ஆனால் படகையே வளைக்கும் கணவாய் உண்டென்று அவருடைய கூட்டாளிகள் அடித்துச் சொல்கிறார்கள். அப்படி எந்த மீனவராவது கண்டதுண்டா?

கடல்பித்தன்:
உண்டு. 1873இல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரையோரம், மிதந்துகொண்டிருந்த ஏதோவொன்றைச் சிதைந்த கப்பலின் மிச்சமென்று எண்ணிக் கொக்கியால் குத்திய மீனவர்களின் படகை அது கைகளால் பற்றிக்கொள்ள, அவர்கள் கோடரியால் வெட்டித் தப்பினார்கள். வெட்டுண்ட துண்டை மோசஸ் ஹார்வி என்ற பாதிரியார் வாங்கி அளந்தார்; 19 அடி. முதலில் குத்தியது மனிதர்தான் என்பதையும் மாமாவிடம் சொல்லுங்கள்.

பட்டர்வொர்த் ஆசிரியர்:
2007இல் அண்டார்டிகாவின் ராஸ் கடலில், நியூசிலாந்துப் படகொன்றின் தூண்டிலில் சிக்கிய மீனைத் தின்றபடியே ஒரு கணவாய் மேலே வந்தது. எடை 495 கிலோ. இது வேறு இனம். இதன் கைகளில் உறிஞ்சிகளோடு கூரிய கொக்கிகளும் உள்ளன. இப்போது வெலிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இவையெல்லாம் பல நூறு மீட்டர் ஆழத்தில் வாழ்பவை. பினாங்கைச் சுற்றியுள்ள ஆழமற்ற கடலில் எதிர்பார்க்க முடியாது.

தெலுக் கும்பார் வாசி:
மிக்க நன்றி. அதைச் சம்பல் வைத்தால் எத்தனை வீட்டுக்கு வரும் என்று மாமா கேட்கிறார்.

கடல்பித்தன்:
வாயில் வைக்க முடியாது. மிதப்பதற்காக அதன் தசையில் அம்மோனியம் நிறைந்திருப்பதால் கசக்கும்.