வடுமாங்காய்க்கு உப்புநீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றலாமா?

புதுக்குடித்தனம்:
போன பங்குனியில் ஒரு கிலோ வடு போட்டேன். உடம்புக்கு ஆகாதே என்று உப்பு 50 கிராம்தான் சேர்த்தேன். இரண்டே வாரத்தில் வடு கொழகொழவென்று ஆகி, மேலே வெள்ளையாக ஏடு படிந்துவிட்டது. மொத்தமும் குப்பைக்குப் போனது. இந்தத் தடவை உப்புநீரைக் கொதிக்கவைத்துச் சூடாகவே ஊற்றிவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். மாமியாரோ வடுவுக்கு அடுப்பையே காட்டக் கூடாது என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

ஜாடிக்காரி:
மாமியார் பேச்சைத்தான். வடுவுக்கு வெளியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தேவையில்லை. காம்பைக் கொஞ்சம் விட்டு நறுக்கி, கழுவி, துணியில் பரப்பி நிழலில் ஈரம் போக உலர்த்துங்கள். ஒரு ஸ்பூன் விளக்கெண்ணெய் விட்டுப் புரட்டிக்கொள்ளுங்கள். அப்புறம் பீங்கான் ஜாடியில் ஓர் அடுக்கு வடு, ஓர் அடுக்கு கல்லுப்பு. கிலோவுக்கு 150 கிராமுக்குக் குறையக் கூடாது. இரண்டு மூன்று நாளில் தானே தண்ணீர் விட்டிருக்கும். அப்போது கடுகு, மிளகாய் வற்றல், மஞ்சளைப் பொடித்துப் போட்டு, வடு சுருங்கும்வரை தினம் இரண்டு வேளை குலுக்குங்கள். கை மட்டும் உள்ளே போகக் கூடாது.

கொதிநிலை:
உணவு ஆலையில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். கழுவித் துடைத்தால் கிருமி போய்விடாது. சூடே காட்டாமல் மாதக்கணக்கில் ஜாடியில் வைப்பது பெரிய நம்பிக்கை. 1985இல் கனடாவின் வான்கூவரில், எண்ணெயில் போட்ட பூண்டைச் சாப்பிட்டு 30 பேருக்கு மேல் போட்டுலிசம் என்ற, நரம்பை முடக்கும் கிருமி நச்சால் பாதிக்கப்பட்டார்கள். பாட்டி செய்தாள் என்பது ஆதாரமா?

ஜாடிக்காரி:
பூண்டும் மாங்காயும் ஒன்றா சார்? ஒன்றைக் கடித்தால் பல் கூசும், இன்னொன்றைக் கடித்தால் நாக்கு எரியும். கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் உங்கள் வடு அன்றைக்கே பாதி வெந்துவிடும். மோர்சாதத்துக்குக் கடிக்கும்போது 'நறுக்' என்று சத்தம் வர வேண்டாமா?

உப்புக்கணக்கு:
இரண்டு பேரும் பாதி சரி. போட்டுலிசக் கிருமி வளர, புளிப்புக் குறைவாக இருக்க வேண்டும். பிஎச் என்பது புளிப்பை அளக்கும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம். பிஎச் 4.6க்குக் கீழே அதற்கு வேலையில்லை. பச்சை மாங்காயும் எலுமிச்சையும் அதற்குக் கீழே நன்றாகவே இறங்கியவை. பூண்டு, கேரட் அப்படியில்லை. அவற்றை எண்ணெயில் மட்டும் முக்கி வெளியே வைப்பதுதான் ஆபத்து. எண்ணெய் காற்றை அடைத்து அந்தக் கிருமிக்கு வசதி செய்யுமே தவிர, புளிப்பைத் தராது.

இனி உங்கள் 50 கிராம். ஒரு கிலோ வடுவில் முக்கால் கிலோவுக்கு மேல் தண்ணீர். அதில் 50 கிராம் கரைந்தால் 6 சதவீதத்தைச் சுற்றித்தான் நிற்கும். 150 கிராம் என்றால் 15க்கு மேல். ஜெர்மானியர்கள் முட்டைக்கோஸை 2 சதவீத உப்பிலேயே புளிக்கவைக்கிறார்கள், உண்மைதான். ஆனால் அது சாற்றுக்குள் அமுங்கி, 20 டிகிரி குளிர்ச்சியில் இருக்கும். நம் ஊர்ப் பங்குனி வெயிலில், பாதி வடு சாற்றுக்கு மேலே மிதந்தால்? நீங்கள் பார்த்த வெள்ளை ஏடு அப்படி வந்த ஈஸ்ட்தான்.

இயற்கைவாசி:
பச்சையாகப் போட்டால் நல்ல பாக்டீரியா கிடைக்கும், அதை ஏன் யாரும் சொல்லவில்லை?

உப்புக்கணக்கு:
15 சதவீத உப்பில் அவையும் பெரும்பாலும் சோம்பிப்போகும். அதற்குத் தயிர் சாப்பிடுங்கள்.

கொதிநிலை:
சரி, மாங்காய் விஷயத்தில் போட்டுலிசத்தை இழுத்தது அதிகப்படிதான். ஆனால் உப்பை விடமாட்டேன். ஒரு வடு 10 கிராம் என்று வையுங்கள், அதில் ஒன்றரை கிராம்வரை உப்பு. இரண்டு சாப்பிட்டால் 3 கிராம்வரை. உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே. ரத்தக்கொதிப்பு உள்ளவர் வீட்டில் இந்த ஜாடி எதற்கு? உப்பைக் குறைத்து, காய்ச்சி ஆறவைத்த உப்புநீரை வடு மூழ்கும்படி ஊற்றி, ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று வாரத்தில் தீர்த்துவிடலாமே. ஆறவைத்த பிறகு, கவனியுங்கள்.

ஜாடிக்காரி:
அது ஊறுகாய் இல்லை, உப்புப் போட்ட மாங்காய். செய்யுங்கள், நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஆடி மாதம் எனக்கு ஜாடியைத் திறந்து மோர்சாதத்துக்கு எடுக்க வேண்டும்.

புதுக்குடித்தனம்:
மாமனாருக்கு ரத்தக்கொதிப்பு உண்டு. அதனால் அரைக்கிலோ 75 கிராம் உப்போடு மாமியார் ஜாடியில், கால்கிலோ கொதிநிலை சார் முறையில் ஃப்ரிட்ஜில். சூடான தண்ணீர் எதிலும் இல்லை என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். ஒரே சந்தேகம்: விளக்கெண்ணெய் வாசனை கடைசிவரை நிற்குமா?

ஜாடிக்காரி:
ஒரு ஸ்பூனுக்கு மேல் போகாதீர்கள். கடுகு ஊறியதும் அந்த வாசனை தேடினாலும் கிடைக்காது.