என்கிரேவிங்: செதுக்கா, பொறிப்பா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

இத்தாலிய ஓவியர் மாந்தேன்யாவின் ‘கடல் தெய்வங்களின் போர்’ படக்குறிப்பில் என்கிரேவிங்கை (செப்புத் தகட்டில் கோடு தோண்டி அச்சிடும் படத்தை)ச் ‘செதுக்கோவியம்’ என்று எழுதியிருப்பதை ஏற்க எனக்கு மனமில்லை. காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சொல் மரக்கட்டை அச்சுக்கு உரியது. மரத்தில் வேண்டாத இடத்தைச் செதுக்கி எறிகிறோம். மேடாக மிஞ்சிய கோடு மையை வாங்குகிறது. செப்புத் தகட்டில் நடப்பது நேர்மாறு. தோண்டிய பள்ளத்தில்தான் மை நிற்கும். மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரத்தாளை வைத்து உருளையில் அழுத்தினால், தாள் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்துவருகிறது. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால், ஜெர்மன் ஓவியர் டியூரர் இரண்டிலும் கைதேர்ந்தவர் என்பதை எப்படி எழுதுவது?

‘செப்பேட்டுப் படம்’ என்ற யோசனையும் வந்தது. செப்பேட்டை நாம் நேரே படிக்கிறோம். இந்தத் தகட்டில் எல்லாமே இடவலம் மாறியிருக்கும். பார்ப்பதற்கென்று இருப்பது தாள்தான்.

என் பரிந்துரை: செயலுக்குப் ‘பொறித்தல்’, அச்சிட்ட தாளுக்குப் ‘பொறிப்பச்சு’. சேரன் இமயத்தில் வில்லைப் பொறித்த அதே வினை. ‘பொறியச்சு’ என்று மட்டும் சுருக்கிவிடாதீர்கள், இயந்திரம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

தகட்டில் விழும் பள்ளக் கோட்டுக்குச் ‘சால்’ என்ற உழவர் சொல்லை எடுத்துக்கொள்ளலாம். பியூரின் என்ற கூர்முனை உளியைப் பேனாவைப் போல் இழுப்பதில்லை, உள்ளங்கையால் முன்னே தள்ளுகிறார்கள். கொழு மண்ணைக் கிழிப்பதுபோல் அது செம்பைச் சுருளச் சுருள எழுப்பிக்கொண்டு போகும். அழுத்தம் கூடினால் சால் ஆழ்ந்து அகலும். டச்சுக் கலைஞர் கோல்ட்ஸியஸின் ‘ஃபர்னேசே ஹெர்குலிஸ்’ பொறிப்பச்சில் ஹெர்குலிஸின் முதுகில் தசை திரண்டு நிற்பது இப்படிப் பருத்தும் மெலிந்தும் ஓடும் சால்களால்தான்.

மறுமொழி:

பொறிப்பச்சு எனக்குச் சம்மதம். ‘சால்’ என்றால் எங்கள் வீட்டில் தண்ணீர்ச் சால்தான். ‘உழுசால்’ என்று முழுதாக எழுதிவிடலாமே. இன்னொரு சிக்கல். அதே கடல் தெய்வங்களை 1494இல் டியூரர் பேனாவால் படியெடுத்தார். உருவங்களின் புறக்கோட்டை அப்படியே வைத்துக்கொண்டு, மாந்தேன்யாவின் நேரான சாய்கோட்டு நிழலை வளைகோடுகளாக்கினார். அது தாளில் பேனாக் கோடு, அங்கே உழுசாலுக்கு வேலையில்லை. நம் குறிப்பிலோ இரண்டு படங்களும் ஒரே வரியில் வருகின்றன. நிழலுக்குக் ‘கோட்டு நிழல்’ என்று பொதுவாக வைத்து, மாந்தேன்யாவின் படத்துக்கு மட்டும் ‘பொறிப்பச்சு’ என்று திருத்தி நாளை அனுப்புகிறேன்.