திரும்பத் திரும்ப மக்கர் பண்ணின மெஷினை வாரண்டியில் மாற்றி வாங்கியவர்கள், உங்கள் அனுபவம் என்ன?

வெண்பனி:

பாதிக் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதனால் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். லேப்டாப் வாங்கி ஆறாவது மாசம் ஆரம்பித்தது. வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே பட்டென்று ஆஃப். ப்ளூ ஸ்கிரீன் கிடையாது, ஹேங் ஆவது கிடையாது. நேராக இருட்டு. சர்வீஸ் சென்டருக்கு ஐந்து தடவை அலைந்தேன். முதல் தடவை ஓ.எஸ்.ஸை அழித்துப் புதிதாகப் போட்டார்கள். இரண்டாவது தடவை பேட்டரி. மூன்றாவது தடவை ‘நோ ஃபால்ட் ஃபவுண்ட்’. நாலாவது தடவை மதர்போர்டையே மாற்றினார்கள். நாலு நாள் ஒழுங்காக இருந்தது, அப்புறம் பழையபடி.

ஐந்தாவது தடவை நடந்ததைத்தான் சொல்ல வந்தேன். ரெண்டு நாள் டெஸ்டில் வைத்திருந்துவிட்டுக் கூப்பிட்டார்கள். கவுண்டரில் லேப்டாப் திறந்திருந்தது, ஏதோ வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பையன் என் பக்கமாகத் திருப்பி வைத்து, “பாருங்க மேடம், 48 மணி நேரமா ஓடுது. ஒரு தடவைகூட ஆஃப் ஆகலை” என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை. சரி, எடுத்துக்கொண்டு போவோம் என்று கையை நீட்டினேன். வீட்டில் மேஜையிலிருந்து மடிக்கு எடுப்பேனே, அதே மாதிரி இடது மூலையைப் பிடித்துத் தூக்கினேன். அணைந்துவிட்டது. கீழே வைத்து ஆன் பண்ணினேன், வந்தது. மறுபடி தூக்கினேன், போய்விட்டது. மூன்றாவது தடவை அந்தப் பையனே தூக்கிப் பார்த்தார். அவர் கையிலும் அணைந்தது. அவர்கள் மேஜையில் அது ரெண்டு நாளும் அசையாமல் கிடந்திருக்கிறது. யாரும் ஒரு தடவை தூக்கிப் பார்க்கவில்லை.

உள்ளே போய் சூப்பர்வைசரைக் கூட்டி வந்தார். அவர் பார்த்துவிட்டுச் சொன்னது ஒரே வரி: “அப்போ நீங்க பிடிக்கிற விதத்துலதான் மேடம் கோளாறு.”

மெஷினை மாற்றிக் கொடுத்து எட்டு மாசம் ஆகிறது. புதுசு நன்றாக ஓடுகிறது. ஆனாலும் அதைத் தூக்கும்போதெல்லாம் திரை இருண்டுவிடுமோ என்று ஒரு நொடி பார்த்துக்கொண்டே நிற்கிறேன். அந்த வரி மனசைவிட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. உங்களுக்கும் இப்படி ஏதாவது உண்டா?

இரவுப்பணி77:

எனக்கு டெஸ்க்டாப். வாரத்துக்கு மூன்று தடவை தானாக ரீஸ்டார்ட். வழக்கம்போல ரேம் மாற்றினார்கள், எஸ்.எம்.பி.எஸ். (பவர் சப்ளை பெட்டி) மாற்றினார்கள், கடைசியில் போர்டு. போர்டு மாற்றின பிறகு ஒன்றரை மாசம் நிம்மதி. அப்புறம் ஒருநாள் சுத்தமாக டிஸ்ப்ளேயே வரவில்லை. தூசியாக இருக்குமோ என்று பக்கவாட்டு மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். ரேம் ஸ்லாட்டுக்குப் பக்கத்தில் விரல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளை ஸ்டிக்கர். அதில் பால்பாயிண்ட் பேனாவில் ‘நோ டிஸ்ப்ளே’ என்று எழுதி, குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்திருந்தது. கீழே ஒரு தேதி. நான் அந்தக் கம்ப்யூட்டரை வாங்கியதற்கே முந்தைய தேதி.

யாருடைய மெஷினிலோ படுத்துவிட்ட போர்டைச் சரிபண்ணி எனக்கு மாட்டியிருக்கிறார்கள், அதே நோய் திரும்பி வந்திருக்கிறது. போன் பண்ணிக் கேட்டேன். வாரண்டி விதியைப் படித்துக் காட்டினார்கள்: “புதிய அல்லது புதியதற்குச் சமமான பாகம்.” விதியில் அப்படித்தான் இருக்கிறது, நான் பிறகு பார்த்தேன். பெரும்பாலான வாரண்டிகளில் இருக்கிற வாசகம்தான், நாம்தான் படிப்பதில்லை. மூன்று வாரம் கழித்து முழு மெஷினையும் மாற்றிக் கொடுத்தார்கள். அந்த ஸ்டிக்கரின் போட்டோ இன்னும் என் போனில் இருக்கிறது. அந்த முதல் ஆள் எத்தனை தடவை அலைந்திருப்பார் என்று அவ்வப்போது யோசிப்பேன்.

ஸ்க்ரூடிரைவர்:

நான் கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவன், 11 வருஷமாக. வெண்பனி மேடத்திடம் அந்த சூப்பர்வைசர் பேசியது தப்பு, அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் எங்கள் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்த்த இடங்களில், டயக்னாஸ்டிக் டெஸ்டில் எரர் கோட் வந்தால்தான் பார்ட் ஆர்டர் போட முடியும். எல்லாம் ‘பாஸ்’ என்று வந்துவிட்டால் ஆர்டர் நகராது. முழு மெஷினை மாற்றித் தருகிற அதிகாரம் எங்களிடம் இல்லை. கேஸை மேலே அனுப்பலாம், அவ்வளவுதான்.

என்னை உறுத்துவது வேறு ஒன்று. வயதான ஒருவர் லேப்டாப் கொண்டுவந்தார். “காலைல ஆன் ஆக மாட்டேங்குது தம்பி.” நான் போட்டுப் பார்த்தேன், உடனே ஆன் ஆனது. திருப்பிக் கொடுத்தேன். இதே மாதிரி மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் அவர் வீட்டில் எப்படியோ ஆன் பண்ணி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அந்தச் சூட்டோடு எடுத்து வந்திருக்கிறார். நாலாவது தடவை வந்தபோது அன்றைக்கு எடுத்துப் பார்க்க முடியவில்லை. நடுவில் ரெண்டு நாள் விடுமுறை. விடுமுறை முடிந்த காலையில் முதல் வேலையாக அதை எடுத்தேன். பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றுமே இல்லை. ஏழு தடவை முயன்றேன். பின்மூடியைக் கழற்றி, போர்டில் ஹாட் ஏரைக் குறைந்த சூட்டில் காட்டினேன். வந்துவிட்டது. பாகங்களைப் போர்டோடு ஒட்டுகிற சால்டரில் முடி அளவு விரிசல் இருந்தால் இப்படி ஆகும். சூட்டில் விரிந்து ஒட்டிக்கொள்ளும், குளிர்ந்தால் விலகிவிடும்.

பழைய ஜாப் ஷீட் மூன்றையும் எடுத்துப் பார்த்தேன். மூன்றிலும் என் கையெழுத்தில் ‘பவர் பிரச்னை, செக் செய்தது, ஓகே’. அவர் முதல் நாளே ‘காலைல’ என்று சொன்னார். நான்தான் அந்த ஒரு வார்த்தையை எழுதாமல் விட்டிருக்கிறேன்.

மெய்ப்பொருள்:

ஸ்க்ரூடிரைவர் நண்பரே, எரர் கோட் வராவிட்டால் ஆர்டர் நகராது என்பது உங்களுக்கும் கம்பெனிக்கும் நடுவில் உள்ள ஏற்பாடு. பணம் கொடுத்து வாங்கினவர் அதற்காக ஏன் ஐந்து தடவை அலைய வேண்டும்?

என் அனுபவம் சின்னது. ப்ளூ ஸ்கிரீன், மூன்று தடவை சர்வீஸ், பதிவுகளைக் காட்டினேன், மாற்றிக் கொடுத்தார்கள். அந்தப் பதிவுகள் பற்றி இங்கே யாரும் பேசாததால் நான் சொல்கிறேன்.

விண்டோஸில் ‘ரிலையபிலிட்டி மானிட்டர்’ என்று தேடினால் ஒரு வரைபடம் வரும். எந்தத் தேதியில் மெஷின் விழுந்தது என்பதெல்லாம் சிவப்பு வட்டமாகத் தெரியும். அதைப் படம் எடுத்து வையுங்கள். விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல் பவர் 41’ என்று இருந்தால், முறையாக ஷட்டவுன் ஆகாமல் மெஷின் நின்றது என்பதற்கு அது சாட்சி. ஏன் நின்றது என்று அது சொல்லாது, அதை மட்டும் காட்டி வாதாடாதீர்கள். ‘வீயா லாகர்’ (WHEA-Logger) என்ற பெயரில் எரர் இருந்தால் கதை வேறு. அது ஹார்டுவேர் தன் கோளாறைத் தானே சொல்வது. ‘சாஃப்ட்வேர் பிரச்னை, ஓ.எஸ். போட்டால் சரியாகிவிடும்’ என்று ஆரம்பித்தால் ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட் ஓட்டிக் காட்டுங்கள். பென் டிரைவிலிருந்து நேராக பூட் ஆகும், அங்கே விண்டோஸே கிடையாது. ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள், நாலு பாஸ் (சுற்று) ஓடட்டும். அதில் ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் ஓ.எஸ். மேல் பழி போட முடியாது.

வந்துபோகிற கோளாறு என்றால் வீடியோதான் வழி. சீரியல் நம்பர், கடிகாரம், திரை மூன்றும் ஒரே ஷாட்டில் தெரிய வேண்டும். போனில் பேசியது எல்லாவற்றையும் அன்றைக்கே மெயிலில் எழுதி அனுப்பிவிடுங்கள், “நீங்கள் இன்று சொன்னது இது” என்று.

ஒரு பழைய சங்கதி. 1994ல் இன்டெலின் பென்டியம் சிப்பில் வகுத்தல் கணக்கு சில எண்களுக்குத் தப்பாக வந்தது. கண்டுபிடித்து வெளியே சொன்னவர் ஒரு கணிதப் பேராசிரியர். தனக்கு அதனால் பாதிப்பு உண்டு என்று காட்டுகிறவர்களுக்குத்தான் மாற்றித் தருவோம் என்று இன்டெல் முதலில் நின்றது. அந்த வருஷம் டிசம்பரில்தான், கேட்கிற எல்லாருக்கும் மாற்றித் தருகிறோம் என்று இறங்கி வந்தது. அப்புறம் 2024ல், இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசசர்கள் நிலைகுலைகிற பிரச்னை வந்தபோது வாரண்டியை 3 வருஷத்திலிருந்து 5 வருஷமாக நீட்டினார்கள். மைக்ரோகோடு (ப்ராசசருக்குள் இருக்கிற அடிப்படை நிரல்) அப்டேட்டும் விட்டார்கள். ஆனால் ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பை அப்டேட் சரிபண்ணாது. இரவுப்பணி, உங்களுக்கு ரேம், எஸ்.எம்.பி.எஸ்., போர்டு எல்லாம் மாற்றினார்களே, ப்ராசசரை யாராவது தொட்டார்களா? நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

இரவுப்பணி77:

மெய்ப்பொருள், நான் சொன்னது 2019ல் வாங்கின மெஷின். நீங்கள் சொல்கிற ப்ராசசர் அப்போது வரவே இல்லை. ஸ்டிக்கரில் ‘நோ டிஸ்ப்ளே’ என்று எழுதியிருந்தது, எனக்கும் நோ டிஸ்ப்ளே. அதற்குமேல் எனக்கு ஆராய்ச்சி தேவைப்படவில்லை.

தூரிகை:

எனக்கு மூன்றாவது தடவை போர்டு மாற்றினார்கள். சந்தோஷமாக வீட்டுக்கு எடுத்து வந்து ராத்திரி ஒன்பது மணிக்கு ஆன் பண்ணினால் நீலத் திரை. டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற விண்டோஸின் பிட்லாக்கர், ரிகவரி கீயைக் கேட்கிறது. 48 இலக்கம். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. மறுநாள் காலையில் கொடுக்க வேண்டிய மூன்று மாச வேலை முழுக்க அதற்குள்ளே. டிஸ்க்கைத் திறக்கிற சாவி பழைய போர்டோடு கட்டுப்பட்டது, போர்டு மாறினால் மெஷின் நம்மை அந்நியனாகப் பார்க்கும் என்று கவுண்டரில் ஒருத்தர்கூடச் சொல்லவில்லை.

கீ மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் சேமித்திருக்கும் என்றார்கள். என் அக்கவுன்ட்டில் இல்லை. ராத்திரி முழுக்கத் தேடினேன். ரெண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது, வாங்கின அன்றைக்கு முதல் தடவை ஆன் பண்ணி செட்டப் செய்தது என் தங்கை. அவள் அக்கவுன்ட்டில் இருந்தது. அவள் போனில் படிக்கப் படிக்க நான் ஒவ்வொரு எண்ணாக அழுத்தினேன். ஏழாவது தொகுதியில் அவள் குரல் தடுமாறி, “திரும்பச் சொல்லவா?” என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. வேலையைக் கொடுக்க வேண்டிய நாள் அதற்குள் போய்விட்டது. சர்வீஸுக்குக் கொடுக்கும் முன்னால் அந்தக் கீயை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து.

நடைவண்டி:

மாற்றிக் கொடுத்தால் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். எனக்குப் புது மெஷின் கையில் வந்தபோது வாரண்டியில் மிச்சம் 23 நாள். பழைய மெஷின் பில் தேதியிலிருந்துதான் கணக்காம். பல கம்பெனிகளில் இப்படித்தான் விதி. இந்த இழுபறியில் அவர்கள் தின்ற நாலு மாசமும் என் கணக்கில்தான் கழிந்தது. டெலிவரி தாளில் அந்தத் தேதியைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.

வெண்பனிக்கு ஒன்று. ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினால் உள்ளே போர்டு வளையும், அது உண்மை. ரெண்டு கையால் அடியில் தாங்கித்தான் எடுக்க வேண்டும். திறந்தபடி தூக்காமல் மூடிவிட்டு எடுப்பது இன்னும் நல்லது. மெத்தை மேல் வைக்காதீர்கள், காற்று அடைபடும். சார்ஜர் ஒயரைக் கழற்றிவிட்டுத் தூக்குங்கள், ஜாக்கில் இழுவை விழாது. பேக்கில் வைக்கும்போது சார்ஜரைத் திரைப்பக்கம் வைக்காதீர்கள்.

வெண்பனி:

நடைவண்டி, எப்படித் தூக்குவது என்று நான் கேட்கவில்லை. இதே மாதிரி மெஷினைத்தான் முந்தைய நாலு வருஷமும் இதே கையால் தூக்கினேன், அது ஒருநாளும் அணையவில்லை. 23 நாள் விஷயம் கொடுமை. உங்களுக்கு நடந்தது நியாயமே இல்லை.

ஸ்க்ரூடிரைவர் அண்ணா, நீங்கள் ‘காலைல’ என்ற வார்த்தையை விட்டுவிட்டதாக எழுதியதைப் படித்துவிட்டு, எழுந்துபோய் என் ஜாப் ஷீட்டுகளைத் தேடி எடுத்தேன். ஐந்தும் பத்திரமாக இருந்தன. நான் ஐந்து தடவையும் சொன்னது ‘திடீரென்று அணைந்துவிடுகிறது’. முதல் ஷீட்டில் ‘ஸ்லோ’. இரண்டாவதில் ‘சார்ஜ் நிற்கவில்லை’. மூன்றாவதில் ‘ஜெனரல் செக்கப்’. நாலாவதில் ‘நோ டிஸ்ப்ளே’. கம்பெனி கணக்கில் ஒரே கோளாறு இரண்டாவது தடவை வந்ததாகக்கூட இல்லை. மாற்றிக் கேட்டபோதெல்லாம் “உங்க மெஷினுக்கு ரிப்பீட் கம்ப்ளைன்ட்டே இல்லையே மேடம்” என்று போனில் சொன்னது ஏன் என்று இப்போதுதான் விளங்குகிறது.

ஐந்தாவது ஷீட்டில் அந்த சூப்பர்வைசர் ‘கையாளுதல், அப்சர்வேஷன்’ என்று எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினார். பேனா என் கையில் இருந்தது. கையெழுத்துக் கோட்டுக்குக் கீழே இருந்த கொஞ்ச இடத்தில் நான் எழுதினேன்: ‘இடது மூலையைப் பிடித்துத் தூக்கினால் அணைகிறது. இன்று உங்கள் மேஜையிலேயே மூன்று தடவை. மூன்றாவது தடவை தூக்கியது உங்கள் ஊழியர்.’ “அங்க எழுதக் கூடாது மேடம்” என்றார். அதற்குள் எழுதி முடித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற அந்தப் பையன் ஒன்றும் பேசாமல் ஷீட்டை வாங்கி ஸ்கேன் பண்ணினார்.

ஒன்பது நாள் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார்கள். அந்த மூன்று வரியையும் எனக்கே படித்துக் காட்டினார்கள். “இது நீங்க எழுதினதா மேடம்?”

“ஆமாங்க.”

“ஊழியர் தூக்கினப்பவும் அணைஞ்சுதா?”

“அணைஞ்சுது.”

கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது. “ரீப்ளேஸ்மென்ட் போட்டுட்டேன். டெலிவரி அட்ரஸ் சொல்லுங்க.”