தாயிஃப் மலைக் குரங்குக்கு முன்னால் மனுஷன் ஏறுவதெல்லாம் ஓர் ஏற்றமா?

சாயல்குடியான் கேட்டது:

சவூதியில் தாயிஃப் பக்கம் ஏசி மெக்கானிக்காக இருக்கிறேன். ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. அல் ஹதா மலைப்பாதையில் வந்தவர்களுக்குத் தெரியும், வளைவுக்கு வளைவு குரங்குக் கூட்டம் உட்கார்ந்திருக்கும். நம்மூர்க் குரங்கு மாதிரி இல்லை. நாய் மூஞ்சி, சிவந்த பிட்டம். ஆண் குரங்குக்குத் தோளில் வெள்ளைப் போர்வை போர்த்தியதுபோல நரைத்த முடி. ஹமத்ரியாஸ் பபூன் என்று பெயராம். இங்கே இருக்கிறவர்கள் ‘கிர்த்’ என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

போன மாசம் பள்ளத்தாக்கைப் பார்த்த ஒரு விடுதியில் வேலை. பின்சுவரில் மூன்றாம் மாடி உயரத்தில் அவுட்டோர் யூனிட், கேஸ் கசிகிறது. மொட்டை மாடியிலிருந்து கயிறு, இடுப்பில் பெல்ட், மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு நேபாளித் தம்பி. நான் ஸ்பானரும் கையுமாகத் தொங்கிக்கொண்டிருக்கும்போது, கீழே பாறையிலிருந்து ஒரு பெண் குரங்கு கிளம்பியது. வயிற்றைக் கட்டிப் பிடித்தபடி ஒரு குட்டி. சுவரும் தண்ணீர்க் குழாயும் சேருகிற மூலையில் நாலு காலாலும் ஏறி வந்தது. அவசரமே இல்லை. எனக்கு நேராக வந்ததும் ஒரு நொடி நின்று என் பெல்ட்டைப் பார்த்தது. அப்புறம் மேலே போய், நாங்கள் வைத்திருந்த குப்பூஸ் ரொட்டிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே இறங்கிவிட்டது. கயிற்றை விட முடியாமல் தம்பி கத்தின கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. விட்டிருந்தால் இதை எழுத நான் இருக்க மாட்டேன், அது வேறு விஷயம்.

அன்றைக்குச் சாயங்காலம் வேலை முடிந்தும் கிளம்பாமல் உட்கார்ந்து பார்த்தேன். இருட்டுவதற்கு முன்னால் கூட்டம் கூட்டமாக எதிர்ப்பாறைக்குப் போகின்றன. செங்குத்துப் பாறை. நடுநடுவே ஒரு சாண் அகலத்துக்கு விளிம்பு. கிழடு, குட்டி, கர்ப்பிணி எல்லாம் அதில் ஏறி வரிசையாக உட்கார்ந்துவிட்டன.

எங்கப்பா பனையேறி. முழங்காலுக்குக் கீழே காய்ப்பு காய்த்து, பாதங்களில் தளநார் வளையம் மாட்டி, சீசனில் ஒரு நாளைக்கு முப்பது மரம் ஏறுவார். அவரைவிடப் பெரிய ஏறுகாரன் உலகத்தில் கிடையாது என்று நினைத்து வளர்ந்தவன் நான். இப்போது சந்தேகம் வந்துவிட்டது. அறையில் கூட இருக்கும் கண்ணூர்க்காரரோ, அமெரிக்காவில் ஒருவர் கயிறே இல்லாமல் பெரிய மலை ஏறினார், எந்தக் குரங்காலும் அது முடியாது என்று அடித்துச் சொல்கிறார். யார் சொல்வது சரி? அந்தக் குரங்கு உடம்பில் அப்படி என்னதான் இருக்கிறது? அதெல்லாம் விழவே விழாதா?

வடைச்சட்டி:

பபூன் என்றதும் எங்கள் ஊர்த் திருவிழா நாடகத்தில் வரும் பபூன்தான் ஞாபகம் வந்தது. அவரும் பந்தக்காலில் ஏறுவார். இறங்கத்தான் ஆள் வேண்டும். தலைப்பு பார்த்து ஆசையாக வந்தேன், மன்னிக்கவும், குப்பூஸுக்கு என் அனுதாபம்.

கல்லேறி:

அண்ணே, நான் பெங்களூரில் இருக்கிறேன். இருபத்தேழு வயசில் பாறை ஏறப் பழகியவன். வார இறுதியில் ராமநகரா, லீவு கிடைத்தால் பாதாமி. நடுவில் இரண்டு வருஷம் ஆபீஸ் வேலையாக ஜோகன்னஸ்பர்க்கில் இருந்தேன். அங்கிருந்து சுமார் மூன்று மணி நேர ஓட்டத்தில் வாட்டர்வால் போவன் என்று ஓர் இடம், பாறை ஏறுகிறவர்களுக்குத் திருப்பதி மாதிரி. அந்தப் பக்கம் இருப்பது சாக்மா பபூன், உங்கள் ஊர்க் குரங்கைவிடப் பெரிசு. கடுவன் முப்பது கிலோவைத் தாண்டும்.

ஒரு நாள் காலை நண்பன் ஏறுகிறான், நான் கீழே அவன் கயிற்றைப் பிடித்து நிற்கிறேன். பத்தடி தள்ளி ஒரு கடுவன் மேலிருந்து இறங்கி வந்தது. நண்பன் ஒரு பிடியிலிருந்து அடுத்த பிடிக்குப் போக யோசித்துக்கொண்டிருந்த நேரத்துக்குள் அது தரைக்கு வந்து, எங்கள் பையை மோந்து பார்த்துவிட்டு, திரும்ப ஏறியும் போய்விட்டது. வெட்கமாக இருந்தது. ஆனால் அன்றைக்கு முழுக்கக் கவனித்ததில் ஒன்று புரிந்தது. நாங்கள் பெயர் வைத்து, தரம் போட்டு ஏறுகிற வழி எதிலும் அது கை வைக்கவில்லை. செடி முளைத்த பிளவு, படி மாதிரி உடைந்த மூலை, அங்கேதான் போனது. எங்கள் கணக்கில் அது முதல் மாசம் பழகுகிறவர் ஏறுகிற வழி. என்ன, நாங்கள் அதைக் கயிற்றோடு கால் மணி நேரம் ஏறுவோம்.

உங்கள் கண்ணூர்க்காரர் சொல்வது அலெக்ஸ் ஹொனால்டை. 2017 ஜூன் 3ஆம் தேதி, கலிஃபோர்னியாவில் எல் கேப்பிடன் என்ற பாறையைக் கயிறில்லாமல் 3 மணி 56 நிமிஷத்தில் ஏறினார். கிட்டத்தட்ட 900 மீட்டர். அதற்கு முன் அதே வழியில் கயிறு கட்டிப் பல தடவை ஏறி, எங்கே எந்த விரல், எந்தக் கால் என்று மனப்பாடம் செய்திருந்தார். சில இடங்களில் கால் வைக்கப் படியே கிடையாது. வழுக்குப் பாறையில் ரப்பர் அடி வைத்த ஷூவின் உராய்வை நம்பி நிற்க வேண்டும். குரங்கு அங்கே போகாது. போக அதற்கு என்ன பைத்தியமா?

அதே 2017இல் ஆடம் ஓண்ட்ரா நார்வேயில் ஒரு குகைக் கூரையில் ஏறியது இன்னும் கொடுமை. நடுவில் ஓரிடத்தில் தலைகீழாகத் திரும்பி, காலைப் பிளவுக்குள் திருகிச் சொருகி, வௌவால் மாதிரி தொங்கித்தான் அடுத்த பிடிக்குப் போக முடியும். வேகம் வேண்டுமென்றால் பாரிஸ் ஒலிம்பிக்கில் சாம் வாட்சன் 15 மீட்டர் சுவரை 4.74 நொடியில் ஏறினார். ஆனால் அந்தச் சுவர் உலகம் முழுக்க ஒரே மாதிரிதான். பிடிகள் அதே இடத்தில் இருக்கும், அவர்கள் வருஷக்கணக்கில் அதையே ஏறுகிறார்கள். வயிற்றில் குட்டியோடு, முன்னே பின்னே பார்க்காத விடுதிச் சுவரில் ஏறச் சொன்னால் கதை வேறு.

சாயல்குடியான்:

தம்பி, அப்படியென்றால் கண்ணூர்க்காரருக்குப் பாதி வெற்றியா? அவரிடம் சொன்னால் இன்று இரவே பாயசம் வைப்பார், அதனால் சொல்லப் போவதில்லை. ஆனாலும் எனக்குச் சந்தேகம் போகவில்லை. எங்கப்பாவுக்குத் தளநார் இல்லாமல் கால் நிற்காது. குரங்குக்கு எப்படி வெறுங்காலில் நிற்கிறது?

பழைய விலங்கியல் டீச்சர்:

நீங்களே பதிலைத் தொட்டுவிட்டீர்கள். தளநார் என்ன செய்கிறது? இரண்டு பாதத்தையும் சேர்த்துப் பிணைத்து மரத்தைக் கவ்வ வைக்கிறது. குரங்குக்கு ஒவ்வொரு காலும் தனியாகவே கவ்வும், ஏனென்றால் பெருவிரல் நம் கைக்கட்டைவிரல் மாதிரி விலகி நிற்கும். நாம் நிமிர்ந்து நடக்கப் போய் அந்த விரலை மற்ற நாலோடு சேர்த்துக்கொண்டோம். பாறை ஏறுகிறவர்கள் விரல் மடங்குகிற அளவுக்கு இறுக்கமான ஷூவைப் போட்டுக்கொண்டு அவஸ்தைப்படுவது இந்த இழப்பை ஈடுகட்டத்தான்.

அடுத்தது எடை. உருவம் பெரிசாகப் பெரிசாக எடை கூடுகிற வேகத்துக்குத் தசையின் வலு கூடாது. வலு தசையின் குறுக்குவெட்டைப் பொறுத்தது, எடை கன அளவைப் பொறுத்தது. 70 கிலோ மனிதனையும் 20 கிலோ பபூனையும் வைத்துக் கணக்குப் போட்டால், தசை ஒரே தரம் என்று எடுத்துக்கொண்டாலும், தன் உடம்பைத் தூக்குவதில் அதற்குச் சுமார் ஒன்றரை மடங்கு லாபம். போதாததற்கு அதற்குக் கையும் காலும் ஏறக்குறைய ஒரே நீளம். உடம்பு பாறையை ஒட்டியே இருக்கும்.

ஒரு சாண் விளிம்பில் எப்படித் தூங்குகிறது என்று யோசித்தீர்களா? பிட்டத்தில் சிவப்பாகத் தெரிகிறதே, அதன் நடுவில் மரத்துப்போன தோல் திண்டு இரண்டு உண்டு. அதில் உட்கார்ந்தபடியேதான் தூக்கம். எத்தியோப்பியாவில் ஹான்ஸ் கும்மர் என்ற சுவிஸ் ஆய்வாளர் 1960களில் இதே ஹமத்ரியாஸ் கூட்டங்களின் பின்னாலேயே அலைந்து பார்த்தார். வறண்ட பூமி, பெரிய மரம் கிடையாது, ராத்திரி சிறுத்தை வரும். அதனால் பகலில் சிறு குடும்பங்களாகப் பிரிந்து மேய்பவை இரவில் ஒரே பாறைக்கு வந்து சேருகின்றன. அதற்கு மலையேற்றம் என்பது நாம் கதவைத் தாழ் போடுவது மாதிரி.

விழாதா என்று கேட்டீர்கள். நன்றாக விழும். மரத்துக்கு மரம் தாவுவதில் கிப்பன் என்ற வாலில்லாக் குரங்கை மிஞ்ச ஆள் இல்லை. அடால்ஃப் ஷுல்ட்ஸ் என்பவர் காட்டுக் கிப்பன்களின் எலும்புக்கூடுகளை ஆராய்ந்தபோது, ஏறக்குறைய மூன்றில் ஒன்றில் எலும்பு முறிந்து கூடிய தடம் இருந்தது. முறிந்து பிழைத்தவை மட்டும்தான் அந்தக் கணக்கில் வரும், பாருங்கள். கொப்பிழந்த குரங்கு என்று நம் ஆட்கள் சும்மா சொல்லவில்லை.

சாயல்குடியான்:

டீச்சர், நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு வெள்ளிக்கிழமை மறுபடி போய் உட்கார்ந்தேன். ஒரு குட்டி வழுக்கியதை என் கண்ணால் பார்த்தேன். ஆளுயரம் சறுக்கி, ஒரு முட்செடியைப் பிடித்துக்கொண்டு கிறீச்சிட்டது. பக்கத்தில் இருந்த தாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்பாவுக்கு போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பெருவிரல் கதை, எடைக் கணக்கு எதுவும் அவருக்குப் பெரிதாகப் படவில்லை. ‘இறங்கும்போது தலை மேலயா கீழயா?’ என்று மட்டும் கேட்டார். சரிவில் தலைகீழாக ஓடுகிறது, செங்குத்தான இடத்தில் பிட்டத்தை முதலில் விட்டுக் காலால் தடவித் தடவி இறங்குகிறது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘நானும் அப்படித்தான்’ என்றார்.

வியாழக்கிழமை அதே விடுதியில் இன்னொரு யூனிட் இருக்கிறது. சாப்பாட்டை வண்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் கயிற்றில் இறங்குவேன்.